கூரைமேல் படகு

கார்க் கூரையில் படகு ஏற்றுவதில் எடை பெரிய சிக்கல் இல்லை. ஒருவர் அமர்ந்து துடுப்புப் போடும் பிளாஸ்டிக் கயாக் 20 முதல் 30 கிலோ இருக்கும். இருவர் அமர்வது 30 முதல் 40 கிலோ. திருப்பதிக்குப் புறப்படும் குடும்பம் வாடகைக் காரின் கேரியரில் ஏற்றும் மூட்டை முடிச்சு இதைவிடக் கனமாக இருப்பதுண்டு. சிக்கல் படகின் வடிவத்தில் இருக்கிறது. பெட்டி வைத்த இடத்தில் உட்காரும். படகோ நீளமானது, வழுக்குவது, அடிப்பக்கம் வளைந்தது, உட்பக்கம் குழிந்தது. நீரைப் பிளந்து போவதற்கென்று அமைந்த உடல், கூரைமேல் ஏறியதும் காற்றைப் பிடிக்கும் முறமாகிவிடுகிறது. இந்த அத்தியாயத்தில் சொல்லப்படுபவை யாவும் அந்தக் காற்றையும், பிரேக் போடும்போது ஏற்படும் உந்தலையும் அடக்குவதற்கான வழிகளே.

சென்னையின் புறநகரான ராஜகீழ்ப்பாக்கத்தில் இருப்பவருக்குப் படகைக் காரில் கொண்டுபோக இரண்டு திசைகள் உண்டு. கிழக்கே மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்தால் முட்டுக்காடு கழிமுகமும் கோவளமும். அது விடுமுறை நாளின் விடியற்காலைப் பயணம். மேற்கே தாம்பரம் மேம்பாலத்தைக் கடந்தால் முடிச்சூரும் வரதராஜபுரமும். அடையாறு கரை மீறும் இடங்கள். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அந்த வெள்ளத்தின்போது மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்து மக்களை மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர்ப் பகுதிகளின் தெருக்களில் படகுகள் ஓடின. அந்த அனுபவத்துக்குப் பின், புறநகரில் சிறு படகொன்றை வீட்டில் வைத்திருப்பது ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. முதல் பயணம் நிதானமானது. இரண்டாவது, மழையிலும் பதற்றத்திலும் நடப்பது. நிதானமான நாளில் பழகிய கைகளுக்கே பதற்றமான நாளில் கட்டு சரியாக வரும்.

எந்தப் படகு, எந்தக் கார்

இந்தியச் சாலைகளில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவை 4 மீட்டர் நீளத்துக்குள் அடங்கியவை. வரிச் சலுகைக்கான எல்லை அது. மாருதி வேகன்-ஆர் 3.65 மீட்டர் நீளமும் 1.67 மீட்டர் உயரமும் கொண்டது. டொயோட்டா இன்னோவா கிரிஸ்டாவின் நீளம் 4.73 மீட்டர். கூரையில் ஏற்றும் படகு காரின் நீளத்தைத் தாண்டாமல் இருப்பதே முதல் விதி. பாதுகாப்பும் சட்டமும் இதில் ஒரே பக்கம் நிற்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது சேர்க்கப்பட்ட 194(1ஏ) பிரிவின்படி, ஏற்றிய பொருள் வாகனத்தின் முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ உயரத்திலோ அனுமதித்த எல்லையை மீறி நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். பாரத்தை இறக்கும் செலவும் தனி. ஆகவே வேகன்-ஆர் வைத்திருப்பவருக்கு 3 மீட்டர் கயாக் பொருந்தும். நாலரை மீட்டர் கடல் கயாக் வாங்கும் எண்ணம் இருந்தால் காரையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அகலத்துக்கும் இதே கணக்கு. கயாக்கின் அகலம் 70 முதல் 90 செ.மீ.தான், எந்தக் காரிலும் அடங்கும். பரிசல் அடங்காது. ஒகேனக்கல்லிலும் மேட்டூரிலும் காணும் பரிசல் சுமார் இரண்டு மீட்டரோ அதற்கு மேலோ விட்டமுள்ள வட்டம். சிறு காரின் உடலோ 1.6, 1.7 மீட்டர் அகலம். இரு புறமும் துருத்தும் அந்தக் கூடை, கவிழ்த்து வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும், காற்றுக்கு நல்ல பிடி கொடுக்கும். பரிசலைக் காரில் ஏற்றவே கூடாது. அதற்கு ஏற்றது திறந்த தட்டுள்ள சரக்கு வண்டி. அதிலும் ‘குட்டியானை’ என்று அழைக்கப்படும் டாட்டா ஏஸின் தட்டு சுமார் 7 அடி நீளமே என்பதால், 3 மீட்டர்க் கயாக்கூடப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். சற்றே பெரிய வண்டியாகப் பார்த்து அமர்த்துவது நல்லது.

ரப்பர் படகு என்று பேச்சில் வழங்கும் காற்றடைத்த படகைப் பற்றித் தனியே ஒரு சொல். காற்றை இறக்கி மடித்தால் அது டிக்கியில் அடங்கும். ஊதிய நிலையில் கூரைமேல் கட்டுவது மிகவும் தவறான வழக்கம். அதன் எடை சொற்பம், பரப்போ பெரிது. போதாக்குறைக்கு வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து தையலைப் பிரிக்கும். மழையில் குளிர்ந்தால் சுருங்கி, இறுக்கிய கட்டு தொளதொளத்துவிடும். இடம் போய்ச் சேர்ந்து பம்பு வைத்து ஊத ஆகும் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்துவதற்காக இவ்வளவு ஆபத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. வெள்ளத்துக்கென்று படகு வாங்கும் பல வீடுகளுக்கு, கேரியரே தேவைப்படாத இந்த மடிப்புப் படகுதான் பொருத்தமானது.

கேரியர்

கூரைக்கு மேலே இரண்டு நீளக் கம்பிகள் பளபளவென்று தெரிவதால் அவற்றில் பாரம் ஏற்றலாம் என்று பொருளல்ல. பல மாடல்களில் அவை அழகுக்காகப் பொருத்தியவை. காருடன் வரும் கையேட்டில், கூரை தாங்கும் எடை எவ்வளவு என்பதும் அந்தக் கம்பிகளில் பாரம் ஏற்றலாமா என்பதும் எழுதப்பட்டிருக்கும். சிறு கார்களுக்கு இந்த எடை பொதுவாக 50 முதல் 75 கிலோ வரை. கேரியரின் எடையும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். 8 கிலோ கேரியரும் 35 கிலோ படகும் சேர்ந்தால் 43 கிலோ. 50 கிலோ எல்லையில் மிச்சம் 7 கிலோ. துடுப்பு, மிதவை அங்கி, நங்கூரம், தண்ணீர்க் கேன் எல்லாம் காருக்குள் போக வேண்டும். படகுக்குள் பொருள்களைப் போட்டுக் கட்டினால், எடை கூடுவதோடு ஓட்டத்தில் அவை உருண்டு கட்டைத் தளர்த்தவும் செய்யும்.

பழைய அம்பாசடரிலும் மாருதி ஆம்னியிலும் கூரையின் ஓரத்தில் மழைநீர் வடியும் விளிம்பு உண்டு. அந்த விளிம்பைக் கவ்வி நிற்கும் கேரியர் உறுதியானது. புதிய கார்களில் அந்த விளிம்பு இல்லை. கதவின் மேல்சட்டத்தைப் பற்றும் கவ்விகளையோ, கூரைக் கம்பியைப் பிடிக்கும் கவ்விகளையோ நம்ப வேண்டியிருக்கிறது. கதவுச் சட்டத்தைப் பற்றும் கவ்வி அந்தந்த மாடலுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று விற்பது எதற்கும் சரியாகப் பொருந்தாது. குறுக்குத் தண்டுகள் இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவு விடுவது நலம். சிறு காரின் கூரை குட்டையானது என்பதால் 70, 80 செ.மீ.க்கு மேல் கிடைப்பது அரிது. மூன்று மீட்டர்ப் படகு 70 செ.மீ. இடைவெளியில் உட்கார்ந்தால் தராசுக் கோல்போல முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தை நிறுத்தும் வேலை முனைக்கயிறுகளுக்குச் சேர்கிறது.

வாடகை இன்னோவா, டவேரா, சுமோக்களில் இருக்கும் கூடைக் கேரியர் பெட்டிகளுக்கு நல்லது. படகுக்கு அது அப்படியே ஆகாது. சுற்றியுள்ள கம்பி வேலி உயர்ந்து நிற்பதால் படகு இரண்டு மெல்லிய கம்பிகளின்மேல் தொங்கும். ஓட்டத்தில் அக்கம்பி படகின் உடலை அறுக்கும். கூடையின் முன்னும் பின்னும் வேலிக்கு மேலாகக் குறுக்கே ஒவ்வொரு மரச்சட்டத்தை வைத்து, கம்பியோடு இறுகக் கட்டி, அதன்மேல் படகை வைக்க வேண்டும்.

தண்டுக்கும் படகுக்கும் இடையே மெத்தை தேவை. நீச்சல் பழகுபவர்கள் பயன்படுத்தும் நீண்ட நுரைக் குழாயை நெடுக்கே கீறித் தண்டில் மாட்டுவது எளிய வழி. பழைய சைக்கிள் டியூபை நெருக்கமாகச் சுற்றினாலும் போதும். இதில் டியூபுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: நனைந்தாலும் அதன் பிடி அதிகம் விடாது. கோணி, பழைய துணி போன்றவை மழையில் ஊறி வழுக்கும், அல்லது ஓரமாய் நழுவிவிடும்.

நிரந்தரமாக வெல்டிங் செய்த கேரியர் வேண்டாம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. கழற்றி மாட்டும் கேரியரே போதும். வேலை முடிந்ததும் கழற்றி வைத்தால் பெட்ரோலும் மிச்சமாகும்.

ஏற்றுதல்

இருவர் சேர்ந்து ஏற்றுவதே முறை. முன்முனையில் ஒருவர், பின்முனையில் ஒருவர். முழங்கால் மடக்கி, முதுகை நேராக வைத்து, இடுப்பு உயரம் வரை முதலில் தூக்கி, ஒரு மூச்சு நின்று, பிறகு தோள் உயரத்துக்கு. ஒரே வீச்சில் தரையிலிருந்து தலைக்குமேல் தூக்க முயல்வதுதான் இடுப்புப் பிடிப்புக்கு வழி. தனியாள் என்றால் காரின் பின்புறமிருந்து ஏற்றலாம். பின்கண்ணாடியின்மேலும் கூரையின் பின்விளிம்பிலும் கனமான போர்வையை விரித்து, படகின் முன்முனையை அதன்மேல் சாய்த்து, பின்னால் போய் நின்று மெதுவாகத் தள்ளினால் படகு தானே தண்டுகளின்மேல் ஏறிக்கொள்ளும். இந்த முறையில் ஒருபோதும் படகின் முழு எடை கைக்கு வராது. போர்வையை நழுவாமல் பிடிக்க அதன் ஓரத்தைப் பின்கதவில் செருகி மூடலாம்.

கவிழ்த்தா, நிமிர்த்தியா என்ற கேள்விக்கு ராஜகீழ்ப்பாக்கத்தின் தட்பவெப்பத்தில் பெரும்பாலும் ஒரே பதில்: கவிழ்த்து. மேலே அமர்ந்து ஓட்டும் வகைக் கயாக்கின் மேல்தளம் ஏறக்குறையத் தட்டையாக இருப்பதால் தண்டுகளில் நன்றாகப் படியும். வடகிழக்குப் பருவமழையில் நிமிர்த்தி வைத்த படகு தொட்டியாகிவிடும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. பத்து நிமிட மழையில் சேரும் 20 லிட்டர் நீர் கூரையின் தாங்குதிறனைத் தாண்டச் செய்யலாம், வளைவில் ஒரு பக்கமாகப் பாய்ந்து காரையே இழுக்கலாம். உள்ளே அமரும் வகைக் கயாக்கை, அதற்கென விற்கும் வளைவுத் தாங்கிகளில் நிமிர்த்தி வைப்பதுண்டு. அப்படியானால் அமரும் குழியை இறுக்கமான உறையால் மூட வேண்டும்.

வைத்த படகு காரின் நடுக்கோட்டில் நேராக நிற்க வேண்டும். முன்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் சாய்வு கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரண்டு விரற்கடை கோணலாக இருந்தாலும் காற்று அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்துத் தள்ளும்.

கட்டு

சோழமண்டலக் கரையின் படகுக்குப் பெயரே கட்டுமரம். மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்து ஆன கலம் அது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை உலரவிட்டு, மறுபடி புறப்படும்போது புதிதாகக் கட்டுவார்கள். நேற்றுக் கட்டிய கட்டை நம்பி இன்று கடலில் இறங்காத அந்த வழக்கம், ஃபைபர் படகுகள் வந்த பின்பும் நினைவில் வைக்கத் தக்கது. காரின் கூரையில் கட்டுவதற்கும் அதே ஒழுங்கு வேண்டும்: ஒவ்வொரு பயணத்துக்கும் புதிய கட்டு.

கயிறு இழுக்கும், தள்ளாது. இதை மனத்தில் வைத்தால் எந்தக் கயிறு எதற்கு என்பது விளங்கிவிடும். கூரைமேல் உள்ள படகின்மேல் நான்கு விதமான விசைகள் வேலை செய்கின்றன. காற்று அதை மேலே தூக்கவும் பின்னே தள்ளவும் பார்க்கிறது. பக்கக் காற்றும் வளைவும் ஓரமாய் நகர்த்துகின்றன. பிரேக் முன்னே வீசுகிறது. வேகத்தடை தூக்கிப் போடுகிறது. காரும் தண்டும் படகும் ஒன்றாகும்படி குறுக்கே இறுக்கும் இரண்டு நடுக்கட்டுகள் மேல்நோக்கிய தூக்கலையும் பக்க நகர்வையும் தடுக்கும். ஆனால் வழவழப்பான படகு அந்தக் கட்டுகளுக்கு அடியில் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்ல முடியும். அதைத் தடுப்பவை முனைக்கயிறுகள். முன்முனையிலிருந்து காரின் முன்பக்கம் இறங்கும் கயிறு, படகு பின்னே நகராமலும் முனை மேலெழாமலும் பிடிக்கிறது. பிரேக் போடும்போது படகு முன்னே பாயாமல் பிடிப்பது, பலர் அலட்சியமாகக் கட்டும் பின்முனைக் கயிறு. மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்முனையைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே ஓட்டலாம். பின்முனையைப் பார்க்க முடியாது என்பதால், அந்தக் கயிற்றில்தான் கூடுதல் கவனம் தேவை.

எவ்வளவு விசை? 25 கிலோ படகு, அவசர பிரேக்கில் ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னே பாயும். அதைத் தாங்குவது எளிது. 50 கி.மீ. வேகத்தில் எதிலாவது மோதி, கார் பத்தில் ஒரு நொடிக்குள் நின்றுவிட்டால் அதே படகின் விசை 350 கிலோ எடைக்குச் சமமாகும். மெல்லிய நைலான் கொடிக்கயிற்றில் கட்டிய படகு அந்தக் கணத்தில் எதிரே வரும் ஸ்கூட்டர்க்காரர்மேல் பாயும் ஈட்டி. கட்டு யாருக்காக என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

நடுக்கட்டுக்கு 25 மி.மீ. அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டை, கையால் இழுத்து இறுக்கும் பல்கவ்விக் கொக்கியோடு இருப்பது நல்லது. லாரிகளில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட் பிளாஸ்டிக் படகுக்கு மிகை. நெம்புகோலின் பலத்தில் எவ்வளவு இறுக்குகிறோம் என்பது கைக்குத் தெரியாமலேயே படகின் உடல் உள்வாங்கிவிடும். சித்திரை வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக் இன்னும் எளிதாக நசுங்கி, குளிர்ந்ததும் அந்த வடிவிலேயே நின்றுவிடும். பைக்கின் பின்சீட்டில் பொருள் கட்டும் எலாஸ்டிக் கயிறு எக்காரணத்துக்கும் உதவாது. நீண்டு கொடுப்பதுதான் அதன் குணம், கட்டுக்கு வேண்டியதோ நீளாமை. நைலான் கயிறும் நீளும், நனைந்தால் மேலும் நீளும். முனைக்கயிற்றுக்கு 8 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு சரியானது. பட்டையிலும் கயிற்றிலும் குறித்திருக்கும் எடை, அறும் எல்லையா பாதுகாப்பாகத் தாங்கும் எல்லையா என்று பார்த்து வாங்க வேண்டும். பட்டைகளில் வழக்கமாகப் பின்னது முன்னதில் மூன்றில் ஒரு பங்கு.

நடுக்கட்டு போடும் முறை இது. பட்டையின் கொக்கியை ஒரு பக்கத்தில் தொங்கவிட்டு, மறுமுனையைப் படகின்மேல் எறிந்து, அடுத்த பக்கம் போய்த் தண்டுக்கு அடியில் நுழைத்து, மீண்டும் படகின்மேல் எறிய வேண்டும். முதல் பக்கத்தில் அதையும் தண்டின் அடியில் நுழைத்துக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டினால், படகும் தண்டும் ஒரே வளையத்துக்குள் அடங்கும். பட்டை தண்டைச் சுற்ற வேண்டும்; தண்டின் நுனியில் உள்ள பிளாஸ்டிக் மூடியையோ கூரையின் அழகுக் கம்பியையோ சுற்றக் கூடாது. பட்டை படகை ஒட்டி, தண்டுகளின் கவ்விகளுக்கு உட்புறமாக இறங்கினால் வெளிப்பக்கம் நழுவாது. எறியும்போது கொக்கி கண்ணாடியிலோ வண்ணத்திலோ மோதாமல் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். கொக்கிக்கு அடியில் ஒரு ரப்பர்த் துண்டு இருந்தால் படகில் கீறல் விழாது. பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு இறுக்கினால் காற்றில் ‘ஙொய்ய்’ என்று அது போடும் இரைச்சல் அடங்கும். தட்டையான பட்டை காற்றில் நாக்குப்போல் அதிர்வதால் வரும் ஒலி அது. முறுக்கு அந்த அதிர்வைக் குலைக்கிறது. மிஞ்சிய நுனியை முடிந்து கதவுக்குள் விட்டு மூட வேண்டும், தொங்கவிட்டால் சக்கரத்தில் சிக்கும்.

முனைக்கயிற்றுக்கு லாரி ஓட்டுநர்கள் தார்ப்பாய் கட்டும் முடிச்சை விடச் சிறந்தது வேறில்லை. கயிற்றின் ஒரு முனையைப் படகின் முனையில் உள்ள வளையத்தில் கட்டி, கயிற்றின் நடுவில் ஒரு சிறு கண்ணி போட்டு, கீழே இழுகொக்கியைச் சுற்றி வந்த நுனியை அந்தக் கண்ணிக்குள் விட்டுக் கீழ்நோக்கி இழுத்தால், கப்பிபோல வேலை செய்து கையின் பலத்தைப் பன்மடங்காக்கும். நுனியை விரலால் அழுத்திக்கொண்டு இரண்டு சுருக்குப் போட்டு முடித்துவிடலாம். அவிழ்க்கவும் நொடி போதும். முனைக்கயிறு தொய்வின்றி நின்றால் போதும். ஓங்கி இழுத்தால் படகு வாழைப்பழம்போல் வளையும். அதோடு படகின் கைப்பிடி திருகாணியில் நிற்பது; அதில் கட்டுவதைவிடப் படகின் உடலிலேயே உள்ள துளையில் கட்டுவது உறுதி.

கீழே எதில் கட்டுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பம்பரின் பிளாஸ்டிக்கில் கட்டினால் அது கையோடு வந்துவிடும். பம்பரில் ஒரு சிறு மூடிக்குப் பின்னே, பழுதான காரை இழுக்கும் கொக்கியைத் திருகிப் பொருத்தும் துளை இருக்கும். கொக்கி ஸ்டெப்னியோடு இருக்கும் கருவிப் பையில் கிடக்கும். முன்புறம் இன்னொரு வழியும் உண்டு. உறுதியான பட்டைத் துண்டை வளையமாக்கி, பானெட்டுக்கு அடியில் உடலோடு இணைந்த போல்ட்டில் மாட்டி, வளையம் மட்டும் வெளியே தெரியும்படி பானெட்டை மூடலாம். பானெட்டின் இருபுறமும் ஒவ்வொன்று வைத்து, முன்முனையிலிருந்து இரண்டு கயிறுகளைத் தலைகீழ் ‘வி’ வடிவில் இறக்கினால் பக்க ஆட்டமும் அடங்கும். கயிறு ஓட்டுநரின் பார்வைக்குக் குறுக்கே வராமலும், பின்கயிறு எண் பலகையையும் விளக்குகளையும் மறைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டி முடித்ததும் சோதனை. படகின் முனையைப் பிடித்து இடமும் வலமும் பலமாக அசைக்க வேண்டும். படகு அசைந்து கார் அசையாமல் நின்றால் கட்டு தவறு. படகோடு சேர்ந்து காரும் அதன் ஸ்பிரிங்கில் ஆடினால் கட்டு சரி.

சாலையில்

காரின் உயரமே புதிதாக மாறியிருக்கிறது என்பதை ஓட்டுநர் மறப்பதுதான் முதல் ஆபத்து. வேகன்-ஆரின் 1.67 மீட்டரோடு கேரியரும் கவிழ்த்த படகும் சேர்ந்தால் 2.15 மீட்டர் ஆகும். வணிக வளாகங்களின் அடித்தள வாகன நிறுத்தத்தில் தொங்கும் உயரத் தடுப்பு பலவற்றில் அதைவிடத் தாழ்வு. மொத்த உயரத்தை அளந்து ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுவது நல்ல வழக்கம். புறநகரின் உள்தெருக்களில் கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தொங்கும் கேபிள் வயர்களும், விழாக் காலத்துத் தோரண வளைவுகளும், வேப்ப மரக் கிளைகளும் வேறு. புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை, பிரதான சாலை வரை நடந்து ஒருமுறை அண்ணாந்து பார்த்து வருவது நேர விரயம் ஆகாது.

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ஏறி, கௌரிவாக்கம், சந்தோசபுரம் தாண்டி மேடவாக்கம் வருவதற்குள் கட்டு சற்றுப் படிந்திருக்கும். மெத்தை அமுங்கும், முடிச்சுகள் இறுகும், பட்டை சற்றே தளரும். முதல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி இறுக்குவது கட்டாயம். இந்த ஒரு நிறுத்தத்தைத் தவிர்த்தவர்களின் படகுகள்தான் சாலையில் கிடக்கின்றன. பிறகு அரைமணிக்கு ஒருமுறை போதும்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 40 கி.மீ. வேகத்தில் படகை இழுக்கும் காற்று, 80இல் நான்கு மடங்காகிறது. கட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் போவதே இந்த நூலின் பரிந்துரை. சோழிங்கநல்லூரிலிருந்து அக்கரை வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பியதும் கணக்கில் புதிதாக ஒன்று சேர்கிறது. அந்தச் சாலை வடக்கு–தெற்காக ஓடுகிறது. கடற்காற்று கிழக்கிலிருந்து, அதாவது காரின் விலாவில், வீசுகிறது. கோடையில் கடற்காற்று நண்பகலை ஒட்டி எழும். ஆறு மணிக்கு அமைதியாகப் போன அதே சாலையில் பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பும்போது படகு வேறு குணம் காட்டும். 3 மீட்டர்ப் படகின் பக்கப் பரப்பு ஏறக்குறைய ஒரு கார்க் கதவளவு. கட்டடங்களின் மறைவிலிருந்து முட்டுக்காடு பாலத்தின் திறந்த வெளிக்கு வரும் இடத்தில் ஸ்டியரிங் சட்டென்று ஒரு பக்கம் இழுப்பதை உணரலாம். எதிரே வேகமாக வரும் பேருந்தும் இதே தள்ளலைத் தரும். வேகத்தைக் குறைத்து, இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கடப்பதே வழி.

கூரையில் பாரம் ஏறியதால் காரின் எடைமையம் உயர்ந்திருக்கிறது. வளைவுகளில் வழக்கத்தைவிட மெதுவாகவும், முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட்டும் ஓட்ட வேண்டும். வண்ணம் பூசாத வேகத்தடைகள் நிறைந்த உள்சாலைகளில் இது இன்னும் முக்கியம். வேகத்தடையில் காரின் பின்பக்கம் துள்ளும்போதுதான் பின்கயிறு வெட்டி இழுக்கப்பட்டு அறுகிறது. இருட்டில் செல்வதானால் படகின் பின்முனையில் சிவப்பு ஒளிதிருப்பு நாடா ஒட்டுவது பின்னால் வரும் பைக்குகளுக்குப் பாதுகாப்பு.

முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுத்துறை நடத்துகிறது. சொந்தப் படகை எங்கே இறக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் புறப்படுவது அலைச்சலைக் குறைக்கும். வழியில் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த காப்பிடம். அங்கே படகு இறக்கும் எண்ணமே கூடாது.

மழைக்காலத்தில்

வெள்ளத்துக்குப் படகு கொண்டுபோகும் பயணத்தில் எல்லா விதிகளும் அப்படியே இருக்கின்றன. கூடவே சில சேர்கின்றன. நனைந்த பட்டை கொக்கியில் வழுக்கும் என்பதால் இறுக்கிய பின் மிஞ்சிய நுனியைக் கொக்கியை ஒட்டி ஒரு முடிச்சுப் போட வேண்டும். புயல் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது கூரைமேல் படகோடு புறப்படவே கூடாது. காற்று ஓய்ந்து வெள்ளம் நிற்கும் நேரமே படகுக்குரிய நேரம். புயல் எச்சரிக்கை வந்த நாளில், நிறுத்திய காரின்மேல் படகு கட்டியிருந்தால் இறக்கி, கவிழ்த்து, கம்பத்திலோ மரத்திலோ இல்லாமல் கட்டடத்தின் தூணில் கட்டிவைக்க வேண்டும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சாய்த்த மரங்களை நினைத்தால் காரணம் விளங்கும்.

கூரையில் படகு இருக்கும் தைரியத்தில் காரையே வெள்ளத்துக்குள் ஓட்டுபவர்கள் உண்டு. ஓர் அடி ஆழ ஓடும் நீரே சிறு காரின் பிடியைத் தளர்த்தப் போதும். இரண்டடி பெரும்பாலான கார்களை மிதக்க வைத்துவிடும். கூரைப் பாரத்தோடு மிதக்கும் கார் எளிதில் சாயும். நீர் தெரியும் இடத்துக்கு முன்பே, மேட்டில் காரை நிறுத்திப் படகை இறக்கிச் சுமந்து செல்வதே முறை. கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மக்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவது வழக்கமாகிவிட்டதால், மேம்பாலத்தில் இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. மாற்று மேடு ஒன்றை முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும். மீட்புப் பணி நடக்கும் தெருக்களில், தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் போகும் வழியை மறிக்காமல் நிறுத்துவதும் இதில் அடங்கும்.

இறக்கிய பின்

இறக்கும்போது முதலில் முனைக்கயிறுகள், பிறகே நடுக்கட்டுகள். ஒருவர் படகைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் கடைசிப் பட்டையை அவிழ்க்க வேண்டும். காற்றுள்ள கரையில் அவிழ்த்துவிட்டு உதவிக்கு ஆள் தேடுவதற்குள் படகு தானாக இறங்கிவிடும்.

உப்பங்கழியிலிருந்து திரும்பியதும் பட்டை, கொக்கி, கவ்வி எல்லாவற்றையும் நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். உப்பு கொக்கியின் ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது; வெயில் பட்டையின் இழையை நொறுங்க வைக்கிறது. ஓரத்தில் பிசிறு எழுந்த பட்டை, நிறம் வெளுத்து விறைத்துப்போன பட்டை, கொக்கி பட்ட இடத்தில் மழுங்கித் தேய்ந்த பட்டை ஆகியவற்றைக் கொடிகட்டக்கூட வைத்துக்கொள்ளாமல் வெட்டிப் போட்டுவிட வேண்டும். வீட்டில் கிடந்தால் அவசர நாளில் அதுதான் முதலில் கைக்கு அகப்படும்.